கொறக்காத் தக்காளி எங்கிருந்து வந்தது?



போன கிழமை வகுப்பில் போர்த்துக்கேயர் வருகை பற்றிய பாடம். பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டேன். "போர்த்துக்கேயர் வர முன்னால் நம்ம சாப்பாட்டில் எதெல்லாம் இருந்திருக்காது?" ஒருவன் "பாண்" என்றான். சரி, அந்தச் சொல்லே போர்த்துக்கேயச் சொல். மிளகாய் என்று நான் சொன்னதும் வகுப்பே நம்பவில்லை. தக்காளியும் அப்படித்தான் என்றதும் பின் வாங்கில் இருந்து ஒரு பிள்ளை எழும்பி, "அப்ப கொறக்காத் தக்காளி? அது நம்ம ஊர்த் தக்காளி தானே சேர்?" என்று கேட்டது.

மணி அடித்துவிட்டது. பாதிப் பதிலோடு வந்துவிட்டேன். மீதியை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், ஆறுதலாக வாசியுங்கள்.

முதலில், இளசுகளில் பலர் கொறக்காத் தக்காளியைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். கடையில் வாங்குகிற தக்காளி போல வழவழப்பான முட்டை வடிவம் இல்லை. தட்டையாக, பூசணிக்காய்போல வரி வரியாக மடிப்பு விழுந்திருக்கும். பழுத்த பிறகும் காம்பைச் சுற்றிப் பச்சை நிறம் கொஞ்சம் நிற்கும். தோல் மெல்லிசு, ஒரு மழைக்கே வெடித்துவிடும். புளிப்பு நல்லா இருக்கும். நம்ம உம்மும்மாமார் இதில் இரண்டைப் பிசைந்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கொஞ்சம் மாசி போட்டுச் சம்பல் செய்தால் வேறு கறி தேவைப்படாது. பாலாணத்தில் போட்டால் தேசிக்காய் பிழிய வேண்டியதில்லை. சிங்களத்திலும் இதற்குப் பெயர் கொரகா தக்காளிதான்.

தக்காளியின் சொந்த ஊர் தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைப் பக்கம், இன்றைய பேரு, எக்குவடோர் நாடுகள். அங்கே காட்டில் முளைத்தது சின்னச் சின்னப் பழம். அதைப் பெரிய பழமாக வளர்த்து எடுத்தவர்கள் மெக்சிக்கோ மக்கள். அவர்களுடைய நஹுவாட்ல் மொழியில் 'தோமாட்ல்' என்று சொன்னதுதான் பல மொழிகள் சுற்றி ஆங்கிலத்துக்குப் போனது. 1521ல் ஸ்பானியர் மெக்சிக்கோவைப் பிடித்தார்கள். 1544ல் மத்தியோலி என்ற இத்தாலிய வைத்தியர் இந்தப் பழத்தைத் தன் மூலிகை நூலில் எழுதிவிட்டார். பிறகு அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'தங்க அப்பிள்', பொமோடோரோ. நம்ம சகோதரர்கள் ஜோர்தானிலும் லெபனானிலும் வேலை செய்யும்போது கேட்டிருப்பார்கள், அங்கே தக்காளிக்கு 'பனதூரா' என்பார்கள். அது அந்த இத்தாலியச் சொல்தான், அரபு வாயில் உருமாறியது.

ஐரோப்பாவில் நீண்ட காலம் இதைப் பயந்து பயந்துதான் பார்த்தார்கள். ஊமத்தை, கத்தரி எல்லாம் சேர்ந்த குடும்பம் அல்லவா? 1597ல் ஆங்கிலேய மூலிகையாளர் ஜெரார்ட் இதில் சத்தே பெரிதாக இல்லை என்று எழுதி வைத்தார். அவர் நாட்டு ஆக்களும் அதை நம்பினார்கள்.

இனிப் பெயர் விசயம். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இது.

'தக்காளி' பழைய தமிழ்ச் சொல். இந்தப் பழம் வர முன்னாலேயே அந்தச் சொல் இருந்தது. அப்போது அது குறித்தது வேறு செடிகளை. கீரையாகச் சாப்பிடுகிற மணத்தக்காளி நமக்குத் தெரியும். கடதாசிப் பை போன்ற உறைக்குள் மஞ்சள் பழம் வைக்கிற சிறுதக்காளியும் உண்டு, சின்னப் பிள்ளைகள் அதை நெற்றியில் அடித்து வெடிக்க வைப்பார்கள். புதுப்பழம் வந்தபோது, பூவும் இலையும் இந்தக் குடும்பத்துச் சாயலில் இருந்தபடியால் 'சீமைத் தக்காளி' என்றார்கள். சீமை என்றால் வெளிநாடு. காலம் போகப் போகச் 'சீமை' உதிர்ந்துவிட்டது. வந்தவன் வீட்டுக்காரனாகிவிட்டான், பழைய வீட்டுக்காரன் 'மண', 'சிறு' என்று அடைமொழியோடு நிற்கிறான்.

கொறக்காத் தக்காளியும் அதே வேலைதான். கொறக்கா நம்ம மலைநாட்டுப் பழைய புளி. மடிப்பு மடிப்பான மஞ்சள் பழத்தைக் கீறிக் காயவைத்துக் கறுப்பாக்கி, மீன் கறிக்குப் போடுவது. தக்காளி வர முன்னால் கண்டிப் பக்கத்துச் சமையலுக்குப் புளிப்பு கொடுத்தது கொறக்கா, தேசிக்காய், பிலிங்காய், கடைப்பக்கம் இருந்து வந்த பழப்புளி. மடிப்பு விழுந்த ஒரு புதுப்பழம், அதுவும் புளிப்பாக, அடுப்படிக்கு வந்தபோது எங்கட பெரியவர்கள் அதைத் தெரிந்த புளியின் பெயரால் கூப்பிட்டார்கள். உருவமும் ஒன்று, வேலையும் ஒன்று. பெயரிலேயே அதன் வரலாறு இருக்கிறது என்பது என் எண்ணம்.

எப்போது நம்ம மலைக்கு வந்தது? கண்டி ராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை கைதியாக இருந்த ரொபர்ட் நொக்ஸ் எழுதிய நூல் 1681ல் வெளியானது. என்ன சமைத்தார்கள், என்ன நட்டார்கள் என்று மனிதர் நுணுக்கமாகப் பார்த்திருக்கிறார். வெளியில் இருந்து வந்து இங்கே முளைக்கிற செடிகள் என்று கோவா வகை, கரட், முள்ளங்கி, பெருஞ்சீரகம் போன்றவற்றை அவர் சொல்கிறார். அந்த வரிசையில் தக்காளி இல்லை. கறிச்சட்டியில் தக்காளி இல்லாத கண்டியைத்தான் நொக்ஸ் பார்த்தார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். பொதி மாடு ஓட்டி உப்பும் கருவாடும் மலைக்குக் கொண்டுவந்த நம்ம மூதாதையர், இரண்டாம் இராஜசிங்கன் காலத்தில் அக்குறணைப் பக்கம் குடியேறினார்கள் என்று பெரியவர்கள் சொல்லும் அந்த ஆக்கள், தக்காளி போடாமல்தான் ஆணம் வைத்திருப்பார்கள்!

இந்தியாவிலும் நிலைமை அதுதான். 1889 முதல் 1893 வரை ஜோர்ஜ் வாட் இந்தியாவின் பயன்தரு பொருட்களைப் பற்றிப் பெரிய அகராதி ஒன்று வெளியிட்டார். தக்காளியைப் பெரும்பாலும் வெள்ளைக்காரருக்காகத்தான் பயிரிடுகிறார்கள், வங்காளத்தவரும் பர்மியரும் புளிக்கறிக்குப் போடத் தொடங்கியிருக்கிறார்கள் என்ற கருத்தில் எழுதியிருக்கிறார். இன்று தக்காளி இல்லாத இந்தியச் சமையலை யாராவது நினைப்பார்களா? 130 வருஷம்தான் ஆகியிருக்கிறது.

நம்ம பக்கம் 1815க்குப் பிறகு கதை வேகமாகிறது. 1821ல் பேராதனைத் தாவரவியல் பூங்கா தொடங்கியது. அலெக்சாண்டர் மூன் என்பவர் பொறுப்பாக இருந்தார், 1824லேயே இலங்கைத் தாவரங்களின் பட்டியல் ஒன்றை அச்சிட்டார். பிறகு கோப்பி வந்தது. தோட்டத் துரைமாரின் மேசைக்கு மரக்கறி வேண்டும். 1840களின் கடைசியில் சாமுவேல் பேக்கர் நுவரெலியாவில் ஆங்கிலேயப் பண்ணையே போட்டார். தென்னிந்தியாவில் இருந்து வந்த தோட்டத் தொழிலாளர்கள் மன்னாரில் இறங்கி, தம்புள்ளை, மாத்தளை வழியாக, நம்ம அலவத்துகொட ஊடாகத்தான் கண்டிக்கு நடந்தார்கள். இந்த வீதியில் எத்தனை சனம் விழுந்து செத்தது என்பது தனிப் பாடம், இன்னொரு நாள் எழுதுவேன்.

துரையின் தோட்டத்தில் இருந்த பழம் கிராமத்து வேலிக்கு வந்தது எப்படி? ஆசிரியன் என்பதால் எனக்குப் பிடித்த பதில் ஒன்று இருக்கிறது. 1900களின் தொடக்கத்தில் இலங்கையில் 'பாடசாலைத் தோட்டம்' என்ற திட்டம் நடந்தது. ட்ரீபர்க் என்பவர் அதற்கு மேற்பார்வையாளர். பாடசாலைகளுக்கு மரக்கறி விதை கொடுத்து, பிள்ளைகளைக் கொண்டு நடவைத்தார்கள். 1904ல் இலங்கை விவசாயச் சங்கம், 1912ல் பேராதனையில் விவசாயத் திணைக்களம். பிள்ளை பாடசாலையில் நட்டதை வீட்டுக்குக் கொண்டு போகும், உம்மா கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் ஊன்றுவாள். ஊருக்கு ஊர் தக்காளி பரவியதில் இதற்குப் பங்கு உண்டு என்பது என் கணிப்பு. இன்று நாங்கள் பாடசாலையில் மரக்கன்று நட்டுப் படம் எடுத்துப் போடுகிறோம். அடுத்த மாதம் போய்ப் பார்த்தால் தடி மட்டும் நிற்கும்.

பிறகு யுத்தம் வந்தது. 1942ல் பர்மா ஜப்பானியர் கையில் விழுந்ததும் அரிசி நின்றது. ஒவ்வொரு வளவிலும் எதையாவது நடு என்று அரசாங்கம் கெஞ்சிய காலம். அடுத்த கெஞ்சல் 1970களில். மரவள்ளியும் வத்தாளையும் தின்று, பாணுக்கு விடியச் சாமத்தில் வரிசையில் நின்ற கதையை நம்ம ஊரில் 60 வயது தாண்டிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். உம்மும்மா சொல்வா, அந்த இரண்டு வருஷமும் கறிக்கு ருசி கொடுத்தது வளவில் தானாக முளைத்த தக்காளிதான் என்று. பறவை கொத்திய பழத்தை அவ பறிக்கவே மாட்டா. "அது ஸதக்கா, விட்டிடு" என்பா. கொத்தி விழுந்த இடத்தில் அடுத்த போகம் செடி முளைத்திருக்கும். ஒரு வகையில் அதுதான் அவவுடைய விதை வங்கி.

அப்படியானால் அது ஏன் காணாமல் போனது?

ஒரு காரணம் நோய். நம்ம கண்டிப் பக்கம் ஈரமும் சூடும் சேர்ந்த மண். நேற்றுப் பச்சையாக நின்ற செடி இன்று மத்தியானம் தொங்கிவிடும், மஞ்சளாகக்கூட மாறாது. பக்டீரியா வாடல். வாடிய செடியின் தண்டை வெட்டி, தெளிந்த தண்ணீர்க் கிளாஸில் தொங்கவிட்டுப் பாருங்கள், வெட்டிய இடத்தில் இருந்து பால்போல நூல் இறங்கும். அதுதான் அந்தக் கிருமி. மண்ணில் வருஷக்கணக்காக இருக்கும், மருந்தடித்து ஒழிக்க ஏலாது. விவசாயத் திணைக்களம் இதைத் தாங்கும் இனங்களைத் தேடியது நியாயமான வேலை. முதலில் மாக்ளோப், ரோமா என்று அமெரிக்காவில் இருந்து வந்த இனங்கள். பிறகு இங்கேயே உருவானவை டி 245, திலின, பாத்திய, ராஜித, மகேஷி. 'லங்கா சவர்' என்று ஒன்றும் உண்டு, சவர் என்றால் புளிப்பு. ருசி தேடியவர்கள் திணைக்களத்துக்குள்ளும் இருந்திருக்கிறார்கள்.

இரண்டாவது காரணம் லொறி. 1999ல் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம் வந்த பிறகு மரக்கறி முழுவதும் பெட்டியிலும் சாக்கிலும் ஏறி நாடு சுற்றுகிறது. மெல்லிய தோல் உள்ள கொறக்காத் தக்காளி பலகடுவ வளைவு தாண்ட முன்னமே சாறாகிவிடும். தடித்த தோல் உள்ள கலப்பினத் தக்காளி ஒரு கிழமைக்கும் தாங்கும். வியாபாரியைக் குறை சொல்ல ஏலாது. நம்ம ஊரே வியாபாரி ஊர்.

ஆனால் ருசி எங்கே போனது? இதற்கு விஞ்ஞானிகள் பதில் கண்டுபிடித்திருக்கிறார்கள். 2012ல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் ஓர் ஆய்வு வந்தது. எல்லாப் பக்கமும் ஒரே சீராகச் சிவக்க வேண்டும் என்பதற்காக வளர்ப்பாளர்கள் 70 வருஷமாக ஒரு மரபணு மாற்றத்தைத் தெரிவு செய்து வந்திருக்கிறார்கள். காம்பைச் சுற்றிய அந்தப் பச்சைத் தோள் இல்லாமல் போனது அதனால்தான். அந்தப் பச்சையில்தான் பழம் தானே சீனி செய்துகொள்ளும் வேலை நடந்திருக்கிறது. அழகைத் தெரிவு செய்யப் போய்ச் சீனியைத் தொலைத்துவிட்டார்கள். 2017ல் அதே சஞ்சிகையில் இன்னோர் ஆய்வு, 398 இனங்களைப் பரிசோதித்து, புதிய வியாபார இனங்களில் மணத்தைத் தரும் பொருட்கள் பல குறைந்துவிட்டன என்று காட்டியது. "இப்ப தக்காளி சப்பென்று இருக்கு" என்று உம்மாமார் சொன்னதை நாங்கள் வயசுக் கோளாறு என்று நினைத்தோம்.

உடம்புக்கு நல்லதா என்று கேட்பீர்கள். வாட்ஸ்அப்பில் வருகிறதை நம்ப வேண்டாம். தக்காளி மருந்து இல்லை, புற்றுநோயைச் சுகப்படுத்தாது. 100 கிராம் தக்காளியில் 94 கிராமுக்கு மேல் தண்ணீர்தான். கலோரி 18 அளவு. சீனி 3 கிராமுக்கும் குறைவு, அதனால் நீரிழிவுக்காரர் பயப்பட வேண்டியதில்லை. விட்டமின் சி 14 மில்லிகிராம் அளவும், பொட்டாசியம் 240 மில்லிகிராம் அளவும் இருக்கும். சிவப்பு நிறத்தைத் தருவது லைக்கோபீன். 1995ல் ஹாவர்ட் ஆய்வாளர்கள் 47,000க்கும் மேற்பட்ட ஆண்களைத் தொடர்ந்து பார்த்து, தக்காளி உணவு அதிகம் சாப்பிட்டவர்களுக்குப் புரஸ்டேட் புற்றுநோய் குறைவாக இருந்தது என்று எழுதினார்கள். உலகம் முழுக்கப் பேசப்பட்டது. 10 வருஷம் கழித்து, 2005ல், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எல்லா ஆய்வையும் பார்த்துவிட்டு, ஆதாரம் மிகவும் குறைவு என்றது. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று. லைக்கோபீன் எண்ணெயில் கரைவது. பச்சையாகக் கடிப்பதைவிட, எண்ணெயில் வதக்கியோ தேங்காய்ப்பாலில் காய்ச்சியோ சாப்பிட்டால் உடம்பு அதை நன்றாக எடுக்கும். விட்டமின் சி வெப்பத்தில் குறையும். ஆகவே ஒரு நாள் சம்பல், ஒரு நாள் கறி என்று நம்ம வீட்டில் நடந்தது தற்செயலாகவே சரியான முறை. போத்தல் சோஸ் வேறு கணக்கு. பல சோஸ்களில் 100 கிராமுக்கு 20 கிராம் அளவு சீனி, அதோடு உப்பு. நோன்பு திறந்ததும் ரோல்ஸில் ஊற்றுகிறோமே, அதைத் தக்காளி என்று கணக்கெடுக்காதீர்கள்.

இரண்டு எச்சரிக்கை. சிறுநீரக வருத்தம் உள்ளவர்களுக்கு இந்தப் பொட்டாசியமே பிரச்சினையாகலாம். பிரஷருக்கு லொசார்டன், எனலாப்ரில் போன்ற குளிசை எடுப்பவர்களுக்கும் உடம்பில் பொட்டாசியம் கூடலாம். குளிசையை நிறுத்தாதீர்கள், எவ்வளவு சாப்பிடலாம் என்று டொக்டரிடம் கேளுங்கள். நெஞ்செரிவு உள்ளவர்கள் ராச்சாப்பாட்டில் தக்காளியைக் குறைத்தால் நல்லது. தக்காளி விதையால் சிறுநீரகக் கல் வரும் என்று நம்ம சனம் விதையை வழித்து எறிகிறது, ஆனால் கல்லுக்குக் காரணமான ஒட்சலேட் தக்காளியில் குறைவுதான்.

பழைய இனம் என்பதால் அதில் சத்து பலமடங்கு என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். சத்தில் பெரிய வித்தியாசம் வருவது செடியிலேயே பழுத்ததா, காயாகப் பறித்து லொறியில் பழுத்ததா என்பதில். ருசி இருந்தால் பிள்ளை கேட்டுச் சாப்பிடும். என் கண்ணில் அதுதான் பெரிய ஆரோக்கியப் பலன்.

2021 மே மாதம் இரசாயன உரம் தடை செய்யப்பட்டது, நவம்பரில் திருப்பி எடுத்தார்கள். அடுத்த வருஷம் டொலர் இல்லை, பெற்றோல் இல்லை. 2022 ஜூனில் அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து வீட்டில் மரக்கறி நடச் சொன்னார்கள். நானும் நட்டேன். கடைப் பைக்கற்றில் வாங்கிய கலப்பின விதை, நல்ல காய்ப்பு. சந்தோசத்தில் பெரிய பழமாகப் பார்த்து விதை எடுத்து அடுத்த போகம் போட்டால், ஒரு செடி ஒரு விதம். சிலது குண்டுமணி போல, சிலது காய்க்கவே இல்லை. கலப்பினம் அப்படித்தான், முதல் தலைமுறையோடு அதன் குணம் பிரிந்துவிடும். ஒவ்வொரு போகமும் பைக்கற் வாங்கியே ஆக வேண்டும். கப்பல் வராவிட்டால் விதையும் இல்லை. கொறக்காத் தக்காளி போன்ற நாட்டினம் தன் பூவிலேயே தான் கருக்கட்டும், தாயைப் போலவே பிள்ளை வரும்.

அப்போதுதான் உம்மும்மாவின் விதையைத் தேடினேன். எங்கட வளவில் இல்லை. அவ மௌத்தான பிறகு கோழிக்கூட்டு இடத்தில் நாங்கள் கராஜ் கட்டிவிட்டோம். சாச்சி வீட்டில் இல்லை, அக்குறணையில் சொந்தக்காரர் நாலு வீட்டில் கேட்டேன், இல்லை. கடைசியில் வேலிக்கு அந்தப் பக்கம், சிங்கள வீட்டு ஆச்சியிடம் இருந்தது. அடுப்படிச் சுவரில், சாம்பலில் பிசைந்த விதையை வட்டமாக அப்பி வைத்திருந்தா. "உங்கட உம்மும்மா எனக்குத் தந்தாவா, நான் அவவுக்குத் தந்தேனா, மறந்து போச்சு" என்று சிரித்தா. 2018 மார்ச்சில் கண்டி முழுக்க ஊரடங்கு போட்ட அந்த நாட்களிலும் அந்த வேலியால் கறிக்கிண்ணம் போய் வந்தது, எனக்குத் தெரியும்.

ஆச்சிக்கு இப்போது கண் சரியில்லை, இனி நட ஏலாது என்றா. சுவரில் இருந்ததை உரித்துக் கொண்டுவந்து போட்டதில் 9 முளைத்தது. 7 செடியை வாடல் கொண்டுபோனது. இரண்டு மிஞ்சியது. அதைச் சாக்குப்பையில், வளவு மண் படாமல், எருவும் தென்னந்தும்பும் கலந்து வைத்துக் காப்பாற்றினேன். போன போகம் அந்த இரண்டில் இருந்து 12 செடி. இந்தப் போகம் 30. கன்னொறுவையில் 1988ல் ஜப்பான் உதவியோடு வந்த தாவர மரபணு வள நிலையம் இருக்கிறது, குளிர் அறையில் நாட்டு விதைகளைப் பாதுகாக்கிறார்கள். அங்கேயும் ஒரு பொதி கொடுப்பதாக இருக்கிறேன்.

அந்தப் பிள்ளைக்கு நாளை சொல்லப் போகும் பதில்: ஊர் பேரு, சொந்தம் நமக்கு.

விதை என்னிடம் கொஞ்சம் இருக்கிறது. காசு வேண்டாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளி வாசலில் நிற்பேன், வீட்டுக்கும் வரலாம். ஒரு ஆளுக்கு 10 விதை. கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு நட்ட மண்ணில் போடாதீர்கள், அதே வாடல் அங்கே இருக்கும். முதல் பழத்தைத் தின்னாதீர்கள், நன்றாகப் பழுக்கவிட்டு, விதையைச் சாறோடு கிளாஸில் இரண்டு நாள் புளிக்க வைத்து, கழுவி, நிழலில் காயவைத்து, அதில் 10 விதையை எனக்குத் திருப்பித் தாருங்கள். கடதாசி உறையில் சுற்றி, பெயரும் திகதியும் எழுதி. பொலித்தீனில் கொண்டு வந்தால் பூஞ்சணம் பிடித்துவிடும், எடுக்க மாட்டேன்.

வேறு யாருடைய வீட்டிலாவது பழைய தக்காளி, மஞ்சளோ சின்னதோ, இன்னும் முளைக்கிறது என்றால் கொமென்டில் சொல்லுங்கள். மாத்தளைப் பக்கம் என்றாலும் பரவாயில்லை, வருவேன்.